கேட்டுக்கு உள்ளே ஓர் ஊர்

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் சாலையிலோ தியாகதுருகம் போகும் சாலையிலோ பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு காட்சி இலவசம். போன வருடம் வரை கரும்போ மரவள்ளியோ நின்ற கொல்லையில் இப்போது கலர் கலராகக் கொடிகள் பறக்கும். வெள்ளையடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நிற்கும். முன்னால் ஒரு ஆர்ச், அதில் ஏதோ ஒரு "நகர்" அல்லது "கார்டன்". பக்கத்தில் பெரிய போர்டு: டி.டி.சி.பி. அப்ரூவல், தார் சாலை, சுற்றிலும் காம்பவுண்டு சுவர், 24 மணி நேர செக்யூரிட்டி, சுவையான நிலத்தடி நீர். கடைசியில் சென்னை மாதிரி வாழலாம் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மூலை, அதற்கும் முன்பு தென்னாற்காட்டில் ஒரு மூலை. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ், டாக்டர்கள், பேராசிரியர்கள்... இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். அரிசி ஆலையிலும் கரும்பிலும் நாலு காசு பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கும் பஜார் சந்தடியை விட்டுத் தள்ளிப் போய் ஒரு வீடு கட்டும் ஆசை வந்திருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த போர்டில் சொல்லும் வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருக்கும்? வசதியானவர்கள் வாழும் புறநகரில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது? அதற்குக் கொடுக்கும் விலை என்ன? அந்த விலையைக் கொடுப்பது மனை வாங்குபவர் மட்டும்தானா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டிய கேள்விகள் இவை.

ஓ.எம்.ஆரில் ஒரு நாள்

இந்த வாழ்க்கையைத் தமிழ்நாட்டில் முழு அளவில் பார்க்க வேண்டுமென்றால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்குத்தான் போக வேண்டும். அரசு ஏட்டில் ராஜீவ் காந்தி சாலை, ஜனங்கள் வாயில் ஓ.எம்.ஆர். பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், ஏகாட்டூர், சிறுசேரி என்று நீளும் சாலை. முதலில் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. பின்னாலேயே அடுக்குமாடிகளும் வில்லாக்களும் வந்தன. குடியிருப்புகளின் பெயரைப் படித்தால் லண்டன் பக்கம் வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். பெயரில் ஏரி இருக்கும். ஏரி இருந்த இடத்தில் பெயர் மட்டும் இருக்கும்.

காலை ஐந்தரைக்கு வாக்கிங் ஆரம்பிக்கும். அதற்கென்றே போட்ட பாதையில், லாரி பயமில்லாமல், நாய்த் தொல்லையில்லாமல் ரிட்டயர்டு பெரியவர்கள் நடப்பார்கள். கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் விழுந்திருக்கும். ஏழு மணிக்கு கேட் வாசலில் ஸ்கூல் பஸ்கள் வரிசை கட்டும். எட்டு மணிக்கு இன்னொரு வரிசை. இது வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் வரிசை. ஒவ்வொருவரும் கேட்டில் நின்று போன் ஆப்பில் நம்பர் சொல்லி, வீட்டுக்காரருக்குத் தகவல் போய், பிறகு உள்ளே போக வேண்டும். மாலை திரும்பும்போது பையைத் திறந்து காட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. வேலையாட்களுக்கு, டெலிவரி பையன்களுக்கு, நாய்களுக்கு என்று தனி லிப்ட் ஒதுக்கிய குடியிருப்புகளும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நோட்டீஸில் எழுதி ஒட்டுகிறவர்களுக்கு அதில் எதுவும் உறுத்துவதில்லை!

ஒன்பது மணிக்கு மேல் குடியிருப்பு அமைதியாகிவிடும். பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் பத்தாவது மாடியில் என்று இருக்கிற வீடுகளில் மதியம் முழுவதும் டி.வி. சத்தம்தான் துணை. கீழே இறங்கினால் பேச ஆள் உண்டு, ஆனால் வேண்டியது வாங்க ஒரு பெட்டிக்கடை கிடையாது. கொத்தமல்லிக் கட்டு வேண்டுமென்றாலும் போனில் ஆர்டர். நாலு மணிக்குக் குழந்தைகள் விளையாட வருவார்கள். ரோட்டில் பந்து ஓடினால் பதறிப்போய்க் கத்த வேண்டியதில்லை. பெண் குழந்தையை இருட்டிய பிறகும் தைரியமாக விளையாட விடலாம். இதெல்லாம் நிஜமான நிம்மதி. ஊருக்குள் குறுகலான சந்தில் குடியிருக்கும் எந்தத் தாயும் இந்த நிம்மதிக்கு ஏங்கத்தான் செய்வார்.

ராத்திரி வாட்ஸ்அப் குரூப் சூடு பிடிக்கும். பால்கனியில் துணி காயப்போடலாமா, விசிட்டர் கார் யார் இடத்தில் நிற்கிறது, பேச்சிலர்களுக்கு வீடு விடலாமா, மெயின்டனன்ஸ் கணக்கை ஏன் காட்டவில்லை... சட்டசபை தோற்றுவிடும். பொங்கல் வந்தால் கிளப் ஹவுஸ் முன்னால் பானை வைத்து, உறியடி வைத்து, செல்பி எடுத்துக் கொண்டாடுவார்கள். நவராத்திரிக்கு கொலு, கிறிஸ்துமஸுக்குக் குடில், தீபாவளிக்கு ஒரே இடத்தில் வெடி. தமிழ், தெலுங்கு, ஹிந்தி, பெங்காலி எல்லாம் ஒரே தளத்தில் கேட்கும். மதம், மொழி பார்க்காமல் பழகும் இடம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு ஈ.எம்.ஐ. கட்டுகிறவர்கள்!

கரண்ட் போனதே தெரியாத வாழ்க்கை

இந்த வாழ்க்கையின் சாரத்தை ஒரே விஷயத்தில் பிடித்துவிடலாம். அதுதான் ஜெனரேட்டர். வெளியே தெரு இருட்டினால் உள்ளே ஒரு வினாடி விளக்கு கண் சிமிட்டும், அவ்வளவுதான். கரண்ட் போனதே பல பேருக்குத் தெரியாது.

2012ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு. கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. பம்ப்செட் ஓடவில்லை, அரிசி ஆலை ஓடவில்லை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி வாங்கினார்கள். எல்லோருக்கும் சேர்ந்து கஷ்டம் வந்ததால் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். ரோட்டுக்கு வந்தார்கள், ஈ.பி. ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள், டீக்கடையில் அதே பேச்சு, தேர்தல் வரைக்கும் அதே பேச்சு. எந்த அரசும் அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஜெனரேட்டர் வைத்தவர் கத்த மாட்டார். அவருக்கு டீசல் செலவு மட்டும்தான் பிரச்சினை.

தண்ணீருக்கும் இதே கதைதான். குழாயில் வராவிட்டால் டேங்கர் லாரி. குப்பைக்குத் தனி ஏற்பாடு. சாக்கடைக்குச் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம். காவலுக்கு ஏஜென்சி. பூங்கா, நூலகம், நீச்சல்குளம் எல்லாம் உள்ளேயே. நகராட்சி செய்ய வேண்டிய அத்தனை வேலையும் மெயின்டனன்ஸ் என்ற பெயரில் காசுக்கு வாங்கப்படுகிறது. பெரிய சங்கங்களில் ஒரு வீட்டுக்கு மாத மெயின்டனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு உண்டு. ஒரு பக்கம் சொத்து வரி, இன்னொரு பக்கம் அதே வேலைகளுக்கு மெயின்டனன்ஸ். இரண்டு முறை காசு கொடுத்தும் கோபம் வராத குடிமகனை வேறு எங்கும் பார்க்க முடியாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு ஊரில் யார் பேச்சை அதிகாரிகள் கேட்கிறார்கள்? படித்தவர், பதவியில் இருப்பவர், வக்கீல், டாக்டர், பத்திரிகையில் ஆள் தெரிந்தவர். சட்டம் தெரிந்து மனு எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டால் பின்னால் இருக்கும் குடிசைக்கும் சேர்த்துத்தான் குழாய் சரியாகும். அவர்கள் எல்லோரும் கேட்டுக்குள் போய்விட்டால் வெளியே இருப்பவர்களுக்காகக் கேட்க ஆளில்லை. பணக்காரர் வசதியாக வாழ்வதால் ஏழைக்கு நேரடியாக ஒன்றும் குறைந்துவிடாது. பொதுக் குழாயின் மீது அவருக்கு இருந்த அக்கறை போய்விடுவதுதான் பெரிய நஷ்டம்.

2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுக்க சுமார் 60 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சென்னை மாநகராட்சியில் சுமார் 43 சதவீதம்தான். இதற்குப் பல காரணங்கள் உண்டு, பழியைக் கேட்டுக்குள் இருப்பவர்கள் தலையில் மட்டும் போட முடியாது. ஆனாலும் கவுன்சிலர் யார் என்றே தெரியாமல் சுகமாக வாழ முடிகிறவருக்கு வரிசையில் நிற்க என்ன அவசரம்?

சுவர் ஏறி வந்த தண்ணீர்

சுவருக்குள் இருந்தால் ஊர்க் கஷ்டம் அண்டாது என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் காய்ந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஓ.எம்.ஆரில் டேங்கர் லாரிக்கு அலைந்தார்கள். ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. அந்த டேங்கர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுற்றுவட்டார கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து. அங்கே நெல்லுக்குப் போக வேண்டியது இங்கே ஷவரில் கொட்டுகிறது. அந்தக் கிணறு வற்றும்போதுதான் தன் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதே இவருக்குத் தெரிய வருகிறது.

நாலு வருடம் கழித்து நேர் எதிர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது பல காலமாகச் சொல்லப்படுவது. 2022இல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட்டார்கள். ஆனால் தண்ணீருக்குப் பட்டியல் தெரியாது, பழைய வழிதான் தெரியும். துரைப்பாக்கம், பெரும்பாக்கம், காரப்பாக்கம் எல்லாம் வெள்ளம். காரப்பாக்கத்தில் நடிகர் விஷ்ணு விஷாலும், அப்போது அங்கே தங்கியிருந்த ஹிந்தி நடிகர் ஆமிர் கானும் மீட்புப் படகில் ஏறி வெளியே வந்த போட்டோவை நாடே பார்த்தது. பணம், புகழ், காம்பவுண்டு சுவர் எதுவும் அன்றைக்கு உதவவில்லை. உதவியது தீயணைப்புத் துறையின் படகு. சாட்சாத் அரசாங்கப் படகு!

அந்த வீடுகளைத் துடைத்துப் பெருக்குகிறவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதே சாலையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மூன்று பெரிய குடியிருப்புகள் இருக்கின்றன. சென்னைக்குள் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் கடற்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். வசதியான அடுக்குமாடிகளுக்கு வேலையாட்களும் செக்யூரிட்டிகளும் இங்கிருந்து போகிறார்கள். அங்கே வீட்டுக்கு மூன்று பாத்ரூம். அந்த மூன்றையும் கழுவிவிட்டு வருகிற அக்கா தன் வீட்டில் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிறார். இரண்டு இடங்களுக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான். வீட்டு வேலை செய்பவர்களுக்கு என்று 2007இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைத்தார்கள். சமையலறையில் நிற்கும் அக்காவுக்கு அதில் பதிவு இருக்கிறதா என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்பார்கள்?

கல்வராயன் மலை சொல்லும் கதை

ஓ.எம்.ஆருக்கும் கல்வராயன் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது.

ஊரைத் தனியார் நடத்தினால் எப்படி இருக்கும் என்பது கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் புதிய கேள்வி இல்லை. கல்வராயன் மலை பல தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலையாளி பழங்குடி மக்கள் நிலத்தை உழுதார்கள், வரி ஜாகிர்தாருக்குப் போனது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அதே நிலை. 1976இல்தான் ஜாகிர் ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது. கீழே இருக்கும் கச்சிராயபாளையத்துக்காரருக்கு 1947இல் கிடைத்தது, மேலே வெள்ளிமலைக்காரருக்கு 29 வருடம் கழித்துக் கிடைத்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அந்த 29 வருடப் பாக்கி இன்னும் தெரிகிறது. இன்றைக்கும் கட்டட வேலைக்கும், கேரளா, கர்நாடகா எஸ்டேட்டுகளுக்கும் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, ரோடு வசதி என்ன, பஸ் வசதி என்ன என்று அரசைக் கேட்க வேண்டியிருந்தது.

ஜாகிரும் கேட்டட் கம்யூனிட்டியும் ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றில் மக்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொன்றில் ஆசைப்பட்டுக் காசு கொடுத்துச் சேர்கிறார்கள். ஒன்றில் ஜாகிர்தாரைக் கேள்வி கேட்க முடியாது, இன்னொன்றில் சங்கத் தலைவரை வாட்ஸ்அப்பிலேயே நார் நாராகக் கிழிக்கலாம். ஆனால் இரண்டிலும் எல்லைக்கோட்டில் அரசாங்கம் நின்றுவிடுகிறது. மலையில் அரசாங்கம் ஏறி வரவில்லை என்று இரண்டு தலைமுறை ஏங்கியது. சமவெளியில் அரசாங்கமே வேண்டாம், காசு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கூட்டம் கேட்டைச் சாத்துகிறது. அரசு இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் மலையிலிருக்கும் ஒரு தாத்தாவைக் கேட்டால் போதும்.

வசதியாக வாழ்வது குற்றமா?

இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம் வரும். "குழாயில் தண்ணீர் வரவில்லை, டேங்கர் வாங்கினோம். இது ஆடம்பரமா?" நியாயமான கேள்வி. பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்த்தார்கள். அதன்பிறகும் பல தெருக்களில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வர வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதுவரை குடிக்காமல் இருக்க முடியுமா? முடியாது. வீடு கட்டியவர் மீது இதில் பழி இல்லை.

பாதுகாப்பும் அப்படித்தான். தனியாக இருக்கும் முதியவர்கள், இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்கள், இவர்களுக்கு வாசலில் ஒரு ஆள் நிற்பது பெரிய தைரியம். அதைக் கிண்டல் செய்வது அபத்தம்.

அது மட்டுமல்ல, கேட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள் என்பதும் தவறு. ஓ.எம்.ஆர். குடியிருப்புச் சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து தண்ணீருக்கும் வடிகாலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் எதிராகக் குரல் கொடுத்திருக்கின்றன. பெருங்குடி, துரைப்பாக்கம் உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதல் கட்டணம் நின்றது. அந்தப் பலன் கார்க்காரருக்கு மட்டும் போகவில்லை, அந்த வழியே சரக்கு ஏற்றிய வேன் டிரைவருக்கும் போனது. இவர்கள் வெளியே வந்து கேட்டால் எல்லோருக்கும் நல்லது நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? அப்படி வெளியே வருவது அபூர்வமாக இருப்பதுதான் வருத்தம்.

சுவர் இல்லாமலும் முடியும்

வசதியான புறநகர் என்றாலே சுவர் வேண்டும் என்பதும் பொய். அதே சென்னையில் அண்ணா நகர் இருக்கிறது. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம். அப்போது கட்டிய கோபுரம் இன்றைக்கும் பூங்காவில் நிற்கிறது. அதைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் திட்டம் போட்டு ஒரு புறநகரை உருவாக்கியது. அகலமான சாலைகள், வரிசை மரங்கள், நேர் நேரான தெருக்கள். வாரியத்தின் முறைப்படி குறைந்த வருமானம், நடுத்தர வருமானம், உயர் வருமானம் என்று பிரித்து வீடுகளும் மனைகளும் ஒதுக்கினார்கள். கிளார்க்கும் இன்ஜினியரும் தொழிலதிபரும் ஒரே பகுதியில் குடியேறினார்கள். இன்று அங்கே ஒரு கிரவுண்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் தெருவுக்கு கேட் கிடையாது. மாநகரப் பேருந்து உள்ளே போகிறது. தள்ளுவண்டிக்காரர் போகிறார். டவர் பூங்காவில் கார் வைத்திருப்பவரும் நடக்கிறார், அவருடைய டிரைவரும் பெஞ்சில் உட்கார்கிறார். பல வருடம் மூடிக்கிடந்த கோபுரத்தில் ஏற 2023இல் மறுபடியும் அனுமதித்தபோது யாரிடமும் எந்த பிளாக், எந்த வீடு என்று கேட்கவில்லை.

பெசன்ட் நகரும் அப்படித்தான். பக்கத்திலேயே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. எலியட்ஸ் பீச் எல்லோருக்கும் பொது. சண்டை இல்லாமல் இல்லை, ஒதுக்குதல் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே ரோட்டில் நடக்கிறார்கள். ரோடு குண்டும் குழியுமானால் எல்லோர் காலிலும் தட்டுகிறது.

உலகத்தில் இன்னொரு பக்கம் பார்த்தால் பிரேசிலின் சாவோ பாலோ நகருக்கு வெளியே 1970களில் அல்பவில் என்று சுவர் கட்டிய பணக்காரக் குடியிருப்புகள் வந்தன. பிறகு அந்த நகரைச் சுற்றிச் சுவர் மேல் சுவராக வந்துகொண்டே இருந்தது. சுவர் கட்டியவர்களுக்குப் பயம் போய்விட்டதா என்றால் இல்லை. சுவர் உயர உயர வெளியே இருப்பவர்களைப் பற்றிய பயமும் உயர்ந்தது. பழகாத மனிதரைப் பார்த்தால் பயம் வருவது இயல்புதானே.

கள்ளக்குறிச்சி எந்த வழியில் போகும்?

நல்லவேளையாக, கள்ளக்குறிச்சியில் ஓ.எம்.ஆர். அளவுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. இங்கே இன்னும் டாக்டரும் லோடுமேனும் ஒரே சந்தையில்தான் காய்கறி வாங்குகிறார்கள், ஒரே பஸ் ஸ்டாண்டில்தான் மழைக்கு ஒதுங்குகிறார்கள். பழக்கம் அறுந்து போகவில்லை. ஆனால் அருகில் இருப்பதும் தெரிந்திருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இந்த ஊரே பயங்கரமான உதாரணம். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். கருணாபுரம் ஏதோ மலைக்காட்டில் இல்லை. நகரத்தின் நடுவில், கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. சுவரே இல்லாமல் இத்தனை தூரம்! இனி வசதியும் படிப்பும் உள்ளவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே ஆர்ச்சுக்குப் பின்னால் போய்விட்டால் அடுத்த கருணாபுரத்தைப் பற்றி முன்கூட்டியே யார் பேசுவார்கள்? டி.வி.யில் பார்த்துவிட்டு "பாவம்" என்பார்கள்.

இதற்கு யாரும் வீடு வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. சட்டமே பாதி வழியைக் காட்டுகிறது. அப்ரூவல் வாங்கிய மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகப் பொதுமக்களுக்கு ஒதுக்கி அதையும் அப்படியே ஒப்படைக்க வேண்டும். அதாவது ஆர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தார் ரோடும் பூங்காவும் ஊருடையது. பக்கத்துத் தெருப் பிள்ளை அங்கே வந்து ஊஞ்சலாடினால் அது அத்துமீறல் இல்லை. அவனுக்கு உரிமை. அதற்குக் கேட் போட்டுப் பூட்டுவதுதான் அத்துமீறல். மனை விற்கும்போது இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

இன்னொன்று. நகராட்சிகளில் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் வந்திருக்கின்றன. 2022 நவம்பர் 1 முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் நடத்த ஆரம்பித்தார்கள். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் மனைப்பிரிவு என்றால் கிராம சபை இருக்கிறது, வருடத்தில் ஆறு முறை. புது வீட்டுக்குக் குடிபோகும் பேராசிரியரும் டாக்டரும் வங்கி மேனேஜரும் அந்தக் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தால் போதும். வீட்டுக்கு வீடு ஆயிரம் அடி போர் போடுவதற்குப் பதிலாகப் பொதுக் குழாய் எப்போது வரும் என்று அவர்கள் கேட்கட்டும். அந்தக் குழாய் அவர்கள் வீட்டுக்கு வருகிற வழியில் நாலு குடிசை வாசலையும் தொட்டுவிட்டுத்தான் வரும். சுத்தியிருக்கும் சுவரைவிட அந்தக் குழாய் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதிக நாள் பாதுகாப்பு.

அதனால் இந்த ஊரில் மனை பார்க்கப் போகும் அப்பாக்கள், அண்ணன்கள், அக்காக்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். புரோக்கரிடம் வாஸ்து கேட்கிறீர்கள், பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்கள், போரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்கிறீர்கள். கூடவே இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். ரோட்டுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் எழுதியாகிவிட்டதா? சாயங்காலம் அந்தப் பூங்காவில் யார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் விளையாடலாம்?